காதுக்கு எட்டாத ஒலியும் ஆறாத மனச்சோர்வும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு நோயை, மண்டையைத் திறக்காமல், குவித்த ஒலியினால் தணிக்க முடியுமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். எமது தோட்டங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு, அதை முடிவிற் கூறுவோம்.

மனச்சோர்வு என்பது ஒருநாட் கவலையன்று. வாரக்கணக்கில் உற்சாகம் குன்றி, உறக்கமும் பசியும் கெட்டு, தன்மீதே வெறுப்புண்டாகி, சிலரிடத்தில் உயிரை மாய்க்கும் எண்ணம்வரை செல்லும் நோய் அது. இதற்கு மாத்திரைகள் உண்டு. பேசி ஆற்றும் முறைகளும் உண்டு. இரண்டு வெவ்வேறு மருந்துகளைத் தகுந்த அளவில், தகுந்த காலம் உட்கொண்டும் குணங் காணாதவர்களையே, சிகிச்சைக்கு எளிதில் அடங்காத நோயாளர் என வைத்தியர் வகுக்கின்றனர்.

அத்தகையோருக்காக விஞ்ஞானம் பல வழிகளைத் தேடிற்று. 1938ஆம் ஆண்டில் ரோமாபுரியில் மின்சாரச் சிகிச்சை தோன்றிற்று. எம்மவர் அதைக் கேட்டாலே அஞ்சுவர். ஆயினும் இக்காலத்தில் மயக்க மருந்து கொடுத்தே அதைச் செய்கின்றனர். சிலருக்கு ஞாபகமறதியை உண்டாக்கினாலும், கடுஞ்சோர்வுக்கு அது இன்றும் வலிமையான சிகிச்சையாகும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அந்தோனி பார்க்கர் என்பார், காந்தத் துடிப்பினால் மூளையை வெளியிலிருந்தே தூண்டிக் காட்டினார். 2008இல் அமெரிக்கா அதை மனச்சோர்வுச் சிகிச்சைக்கு அனுமதித்தது. ஆனால் காந்தத்தின் வலிமை மூளையின் மேற்பரப்பைத் தாண்டி ஆழத்திற் செல்லாது.

சோர்வோடு தொடர்புடைய சில இடங்களோ ஆழத்தில் உள்ளன. 2005இல் ஹெலன் மேபேர்க் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் கனடாவின் டொரன்டோவில் ஆறு நோயாளரின் மண்டையைத் துளைத்து, ஆழத்திலுள்ள ஓரிடத்தில் மெல்லிய மின்கம்பி வைத்தனர். நால்வர் நிலையான நலங் கண்டனர். ஆனால் மண்டையைத் துளைப்பது இலேசான காரியமா?

இங்கேதான் ஒலி வருகிறது. சவுல் அரசனின் கலக்கத்தைத் தாவீது யாழ் வாசித்துத் தணித்த கதையைப் பாடசாலையிற் படித்தோம். இது அத்தகைய இன்னிசையன்று. காதுக்கே கேளாத ஒலி. மனிதச் செவிக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுவரையே எட்டும். மூளைக்கு அனுப்பும் ஒலியோ இலட்சக்கணக்கில் அதிரும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பதும் காதுக்கெட்டாத ஒலியினாலேதான். பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியிற் குவிப்பதுபோல, தலையின் வெளியே வைத்த பல சிறு கருவிகளின் ஒலியலைகளை உள்ளே ஓரிடத்திற் சேரச் செய்கின்றனர். வழியிலுள்ள பகுதிகளில் வலிமை குறைவு. கூடுமிடத்தில் மட்டும் மிகுதி. மண்டையோடு ஒலியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால், ஒவ்வொருவரின் தலையையும் படமெடுத்துக் கணக்கிட்டே குறிவைக்க வேண்டும்.

இதுவும் நேற்றுப் பிறந்த எண்ணமன்று. 1958இலேயே அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃப்றை முதலியோர், பூனையின் மூளையிற் பார்வைக்குரிய பகுதியை ஒலியினால் சற்றே அடக்கி, அது மீண்டும் பழைய நிலைக்கு வருவதைக் கண்டனர். இன்று யூட்டா, டெக்சஸ் பல்கலைக்கழகங்களில் மனச்சோர்வு நோயாளரிடம் இம்முறையைச் சோதித்து வருகின்றனர். நற்குறிகள் தென்படுகின்றன. எனினும் சோதனைகள் சிறியவை. பலன் எத்தனை காலம் நிற்கும் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆகவே இதை ஆராய்ச்சி என்றே சொல்லவேண்டும். கைகண்ட வைத்தியம் என்று சொல்லலாகாது.

இனி எமது தோட்டங்களுக்கு வருவோம். லயத்தில் ஒருவர் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தால் நாம் என்ன சொல்லுகிறோம்? சோம்பல் என்கிறோம், பேய் பிடித்தது என்கிறோம், தீராத நோய் என்று கைவிடுகிறோம். ஆனால் அவருக்கு ஒரு மருந்தாவது முறையாகக் கிடைத்ததா? மாத்திரை குணங்காட்டச் சில வாரங்கள் செல்லும். பத்து நாளில் மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறோம். நுவரெலியாவுக்குக் கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் செலவும் கைப்பணம். இவ்வாறு நின்றுபோன சிகிச்சையைத் தோற்றுப்போன சிகிச்சை என்று எண்ணலாமா? தீராத நோய் வேறு; தீர்க்கப்படாத நோய் வேறு.

நண்பர்களே! 1995இல் எமது இலங்கையில் இலட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்து மாண்டனர். பின்னர் கொடிய பூச்சிமருந்துகள் பலவற்றைத் தடைசெய்ததே அத்தொகை வெகுவாகக் குறைந்ததற்கு முக்கிய காரணமென ஆராய்ந்தோர் கூறுகின்றனர். புது யந்திரமெதுவுமின்றி ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. எளிய காரியத்தை ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு பயன் என்பதற்கு இதுவே சான்று.

ஒலிச் சிகிச்சை பலித்து ஒருநாள் எமது நாட்டுக்கும் வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை உள. சோர்ந்தவரைத் தனியே விடாது கிளினிக்குக்கு உடன் செல்வோம். கோவிலுக்கு நேர்ந்துகொண்டாலும் மாத்திரையை நிறுத்தாமற் பார்த்துக்கொள்வோம். சாக வேண்டுமென்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாகக் கொள்ளாது, அருகிலிருந்து, உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் ஒவ்வொரு லயத்திலும் தெரியப்படுத்துவோம். தூரதேசத்து ஒலி எம்மை வந்தடையும் முன்பே, அயல்வீட்டாரின் மெல்லிய குரல் எமது காதில் விழட்டும்.