தாகம் எழுமுன் தண்ணீர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் இயலையும் இசையையும் பற்றிப் பேசுவதே மரபு. எனினும் கோடை நெருங்கும் இந்நாளில், நம் பிள்ளைகளின் விளையாட்டையும் அவர்தம் உடல்நலத்தையும் பற்றிச் சிறிது சிந்திப்பது பிழையாகாது. தில்லியில் வாழும் நம் குடும்பங்களின் இளைஞர்கள் இப்பொழுது பெயிண்ட்பால் எனும் வண்ணக் குண்டு விளையாட்டில் பெரிதும் ஈடுபடுகின்றனர். பிறந்த நாள் என்றாலும், தேர்வு முடிந்த நாள் என்றாலும், கூட்டமாகத் திடலுக்குப் புறப்பட்டு விடுகின்றனர். இளமைக்கு ஓட்டமும் வேண்டும், தோழமையும் வேண்டும். ஆதலின் அதைத் தடுக்க வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. தில்லி வெய்யிலில் அதை எவ்வாறு ஆட வேண்டும் என்பதே நம் பேச்சு.

இவ்விளையாட்டின் முதல் ஆட்டம் 1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காட்டில் 12 பேருக்கிடையே நிகழ்ந்தது. மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் அடையாளமிடச் செய்யப்பட்ட வண்ணத் துப்பாக்கியே அவர்கள் கைக்கொண்ட கருவி. அன்று வென்றவர் ஒரு குண்டையும் சுடாமலே வென்றார் என்பது சுவையான செய்தி. மரநிழலில் பிறந்த விளையாட்டு இன்று நிழலற்ற திடல்களுக்கு வந்துவிட்டது. சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. 'லூ' எனும் அனற்காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களும் அவையே.

பிற விளையாட்டுக்களுக்கு இல்லாத இடர் ஒன்று இதற்கு உண்டு. வண்ணக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 300 அடி விரைவில் பாயும். கண்ணிற் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். ஆகவே ஆடுகளத்தில் நிற்கும் வரை முகமூடியைக் கழற்றலாகாது என்பது மாறாத விதி. அவ்விதி மிகவும் நன்று. ஆனால் முகமூடி அணிந்தவன் நீர் அருந்துவது எங்ஙனம்? கிரிக்கெட் ஆடுபவன் எல்லைக் கோட்டருகே சென்று ஒரு மிடறு குடித்துத் திரும்பலாம், இவனால் இயலாது. மேலும் அடி படாதிருக்க முழுக்கைச் சட்டையும் தடித்த மார்புறையும் அணிகின்றான். அவை குண்டைத் தடுப்பதுபோல், உடலின் வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கின்றன.

ஓடும் உடல் ஓர் அடுப்பைப் போன்றது. அதன் சூட்டைத் தணிப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலினின்று எடுத்துச் செல்கின்றது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தினும் மிகும்போது, வியர்வையன்றி வேறு துணை உடலுக்கு இல்லை. கடுமையாக ஆடுபவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரோ அதற்கு மேலுமோ வியர்க்கலாம். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு லிட்டர் என்பது உடலெடையில் 2 விழுக்காடு. அவ்வளவு குறைந்தாலே நெஞ்சு படபடக்கும், கால் தளரும், கவனம் சிதறும்.

இங்கே தமிழராகிய நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சென்னையிலும் நாகையிலும் வளர்ந்தவர்க்கு வெய்யில் என்றால் சொட்டச் சொட்ட நனையும் சட்டையே அடையாளம். தில்லியின் மே மாதத்துக் காற்று வறண்டது. வியர்வை தோலில் அரும்பியவுடனே உலர்ந்துவிடும். "வியர்க்கவே இல்லையே, பிள்ளைக்கு என்ன குறை?" என்று நாம் எண்ணுகின்றோம். நீரோ நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கின்றது. ஆடி, ஆவணியில் மழைக்காற்று வந்தபின் நிலைமை தலைகீழாகும்: வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது, உடலும் குளிராது. அப்போது தண்ணீர் மட்டும் போதாது. நிழலும் ஓய்வும் மிகுதியாக வேண்டும்.

தாகமும் நம்பத்தக்க காவலன் அன்று. ஆட்டத்தின் வேகத்தில் அது பிந்தியே குரல் கொடுக்கும். ஆதலின் தண்ணீரைத் தாகத்தின் பொறுப்பில் விடாமல், கடிகாரத்தின் பொறுப்பில் விட வேண்டும். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்கட்டும். அனைவரும் களத்தை விட்டு வெளியேறி, பாதுகாப்பான இடத்தில் முகமூடியைக் கழற்றி, ஒரு குவளை நீர் அருந்தட்டும். இதை ஆட்ட விதியாகவே முன்கூட்டி அமைத்துக் கொள்ளல் வேண்டும். ஏனெனில், தனியாக ஒருவன் "எனக்கு நீர் வேண்டும்" என்று கேட்கக் கூசுவான். கோழை என்று தோழர் நகைப்பரோ என அஞ்சுவான். எல்லார்க்கும் விதி என்றால் எவனுக்கும் இழிவில்லை.

வியர்வையோடு உப்பும் போகின்றது. ஆகவே உப்பிட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை நீர், இவ்வூரார் மாங்காயில் செய்யும் ஆம் பன்னா ஆகியவை நல்லன. சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் நீரை விரைந்து ஏற்கும். இவ்வுண்மையைக் கொண்டே மருத்துவர் திலீப் மகலனோபிஸ் 1971இல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதியால் வாடிய பலரின் உயிரைக் காத்தார். ஓ.ஆர்.எஸ். உறை ஒன்று பையில் இருப்பது நன்று. உறையில் குறித்த அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். அதற்காக வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தீதே. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும். சட்டைப்பையில் வெங்காயம் வைத்தால் 'லூ' தாக்காது என்பர் இவ்வூர் முதியோர். வைப்பவர் வைக்கட்டும், தண்ணீர்க் குடுவையை மறவாதிருந்தால் போதும்.

நேரமும் முக்கியம். காலை 9 மணிக்கு முன்னரோ, மாலை வெய்யில் தாழ்ந்த பின்னரோ ஆடுக. வானிலைத் துறை வெப்ப அலை என அறிவித்த நாளில் ஆட்டத்தைத் தள்ளி வைக்க. குளிர்பதன அறையிலேயே இருந்தவனும் மலைநாட்டினின்று வந்தவனும் முதல் நாளே முழு ஆட்டம் ஆடலாகாது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

இறுதியாக ஒன்றை ஒவ்வொரு தாயும் தந்தையும் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். ஆடும் பிள்ளை தடுமாறினாலோ, பொருந்தாமல் பேசினாலோ, மயங்கி வீழ்ந்தாலோ, அது வெறும் களைப்பன்று. உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொணர்ந்து முகமூடியையும் தடித்த உடைகளையும் அகற்றுக. உடலெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுக. பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க. அதே வேளையில் ஒருவர் 112 எண்ணை அழைக்கட்டும். வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தலாகாது; உயிரைக் காப்பது அந்தச் சில நிமிடங்களே. நினைவிழந்தவன் வாயில் நீர் புகட்டாதீர். காய்ச்சல் மாத்திரையும் இதற்கு உதவாது.

இளைஞர்களே, பதுங்கி நின்று எதிரணியை வெல்லும் பொறுமை உங்களிடம் உண்டு. அப்பொறுமையில் ஒரு பங்கைத் தண்ணீர்க் குவளைக்கும் கொடுங்கள். பெரியோர்களே, திடலுக்குச் செல்லும் ஒவ்வொரு கூட்டத்துடனும் கடிகாரமும் குடுவையும் ஏந்திய ஒருவரை உடன் அனுப்புங்கள். சட்டையில் வண்ணக் கறையோடும் முகத்தில் சிரிப்போடும் நம் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் விருப்பம்.