பக்கத்துக்கும் ஒரு முகவரி

அந்த நாளில் பல தோட்டங்களில் கடிதம் நேரே லயத்து வீட்டுக்கு வராது, ஆபிசுக்கு வரும். உறைமேல் பெயரும் டிவிஷனும் தெளிவாக இருந்தால், கிராணியார் கூப்பிட்டுக் கொடுப்பார். இல்லாவிட்டால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். இன்று நம் பிள்ளைகள் இணையத்தில் தளங்கள் திறக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி உண்டு, யூஆர்எல் என்பார்கள். தேடுகிறவர் கண்ணில் படும்படி அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

நம் பெண்கள் சிலர் சேர்ந்து, முறுக்கு சுட்டு விற்க ஒரு தளம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் முகவரி வெறும் எண்ணாக, 4827 என்று முடிந்தால் யாருக்கு என்ன விளங்கும்? ‘பலகாரம்/அரிசி-முறுக்கு’ என்று இருந்தால், திறக்கும் முன்பே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஆகவே முதல் விதி, பொருள் விளங்கும் சொற்களைச் சுருக்கமாக வைப்பது.

இரண்டாவது, சொற்களுக்கு நடுவே சிறுகோடு இடுவது. அடிக்கோடு வேண்டாம், சிறுகோடு இருந்தால் சொற்களைப் பிரித்தறிய எளிது என்று கூகுள் நிறுவனமே சொல்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாகவே வைப்போம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தால் ஒரே பக்கம் இரண்டு முகவரியாகக் கணக்கிடப்படலாம்.

தமிழ் எழுத்திலேயே எழுதலாமா? தாராளமாக எழுதலாம். ஆனால் அதைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, ‘அ’ என்ற ஓர் எழுத்தே ஒன்பது குறிகளாக நீண்டுவிடுவதுண்டு. ஆகவே இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்வது நலம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முகவரியில் நல்ல சொல் இருப்பதால் மட்டும் பக்கம் தேடலில் முதலிடத்துக்கு வந்துவிடாது. அதன் பங்கு மிகச் சிறியது. முறுக்கு ருசியாக இருக்க வேண்டும். பக்கத்தில் விலையும் விவரமும் சரியாக இருக்க வேண்டும். முகவரி வழி காட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, முகவரியை அடிக்கடி மாற்றாமல் இருப்பது. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ 1998ஆம் ஆண்டிலேயே இதை வற்புறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். ‘புதியது’ என்ற சொல்லையும் பொறுப்பாளர் பெயரையும் முகவரியில் சேர்த்தால், நாளை அவை பொருந்தாமல் போகும். பிறகு மாற்றத் தோன்றும். மாற்றினால், பழைய முகவரியை அச்சடித்த அட்டையும் அனுப்பிய செய்தியும் வீணாகும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய இடத்துக்குத் தானாகவே அனுப்பும் ஏற்பாடு உண்டு. 301 என்பது அதன் எண். அதைக் குறைந்தது ஓராண்டாவது விட்டுவைக்க வேண்டும். எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

நேயர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நாம் ஊர் ஊராகப் பிரிந்தபோது எத்தனை உறவினர் கடிதங்கள் நம்மைக் காணாமல் திரும்பின! அன்று புதிய இடத்தைச் சொல்லிவிட ஆளில்லை. இணையத்திலாவது, நம்மைத் தேடி வருகிறவரைப் பழைய வாசலில் நிற்க வைக்காமல் இருப்போம்.