சிலம்பு யாருடையது?



சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்றும் நீதியின் காப்பியம் என்றும் பேசிப் பழகிவிட்டோம். இன்று அதனை ஒரு சொத்து வழக்காக நோக்க விரும்புகின்றேன். களவு போனதாகச் சொல்லப்படும் ஒரு பொருள். அதனை விற்க வந்த ஒருவன். விசாரியாது தண்டித்த மன்னன். எல்லாம் முடிந்த பின்னரே பொருளுக்கு உரியவள் அவைக்கு வருகின்றாள்.

மாதவி மனையிலிருந்து மீண்ட கோவலன், குலத்தார் தேடிய செல்வத்தைத் தொலைத்துவிட்டதாக நாணுகின்றான். அவன் கேளாமலே, சிலம்பு இருக்கின்றது, கொள்ளுங்கள் என்கிறாள் கண்ணகி. அதனையே முதலாகக் கொண்டு, இழந்த பொருளோடு போன அணிகலன்களையும் மதுரையிலே ஈட்டலாம் என்பது அவன் மறுமொழி. வகுப்பிலே இந்த இடத்தைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் போன அணிகலன்கள் என்ற குறிப்பிலே நான் நின்றுவிடுவதுண்டு. அவை போனபோது கண்ணகியிடம் யாரேனும் கேட்டார்களா? இளங்கோ சொல்லவில்லை. சிலம்புக்கு மட்டுமே அவளுடைய சம்மதம் காப்பியத்தில் பதிவாகியுள்ளது.

மதுரையிலே பாண்டியன் பார்த்தது சிலம்பு எவன் கையில் இருக்கின்றது என்பதை மட்டுமே. கையில் இருப்பது வேறு, உரிமை வேறு. உரியவளோ மாதரியின் பாதுகாப்பில் ஆயர்சேரியிலே இருந்தாள். ஆளனுப்பிக் கேட்டிருந்தால் ஒரு நாழிகையில் தீர்ந்திருக்கும் வழக்கு! பின்னர் அவையிலே அவள் முதலில் நிறுவுவதும் உரிமையையே. தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்பதை மன்னன் தன் வாயாலேயே சொல்ல நேர்கின்றது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தார் வழக்காறுகளை ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். தமிழாக்கத்தை 12 முதலியார்கள் பார்த்து ஏற்றுக்கொண்டனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்த தேசவழமை அதுவே. ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். சீதனக் காணி பெண்ணின் பெயரில் உறுதியாவது நமக்கு ஒரு பெருமை. அயலிலே பெண்ணுக்குக் காணியே இல்லாத சமூகங்களைச் சுட்டி நாம் அப்பெருமையைப் பேசுவதும் உண்டு.

ஆனால் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மணமான பெண் தன் அசையும் பொருளைத் தன்னிச்சையாக விற்கலாம், கொடுக்கலாம். அசையாப் பொருளாயின் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். தேசவழமைக்கு உட்படாத மட்டக்களப்புப் பெண்ணொருத்தி அதற்கு உட்பட்டவரை மணந்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும் வரை அவளும் இதற்குள் வந்துவிடுகிறாள். ஆக, கண்ணகி இச்சட்டத்தின் கீழ் வாழ்ந்திருந்தால் சிலம்பை அவளே விற்றிருக்கலாம். புகாரிலே அவளுக்கு ஒரு பரப்புக் காணி இருந்து, அதனை விற்க நினைத்திருந்தால், மாதவி வீட்டுக்கு ஆளனுப்பிக் கோவலனிடம் ஒப்பம் வாங்க வேண்டியிருந்திருக்கும்!

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் வந்தார். 2009 இல் காணாமற்போன கணவர் பற்றி ஒரு தகவலும் இல்லை. மகளின் மேற்படிப்புக்காகச் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க நொத்தாரிசிடம் போயிருக்கிறார். "அவற்றை ஒப்பம் இல்லாமல் எழுதேலாதாம் சேர். காணி என்ர அம்மா எனக்குத் தந்தது" என்றார். கணவர் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எடுக்கலாமே என யாரோ சொன்னதைத் தாங்க மாட்டாமல் வந்திருந்தார். உறுதியும் விண்ணப்பமும் அவர் கைப்பையில் இருந்தன. நான் தமிழ் வாத்தியார். சட்டத்தரணி ஒருவரிடம் அழைத்துப் போனேன்.

வழி இருக்கின்றது. கணவன் கைவிட்டிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அந்தச் சம்மதம் இன்றியே விற்க அனுமதி பெறலாம் என அதே சட்டம் கூறுகின்றது. ஆனால் இதற்கு நாளும் பணமும் வேண்டும். தன் தாய் தந்த காணிக்கு அவர் அவையேறிக் காரணம் சொல்லவும் வேண்டும். கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் ஒப்பத்தை இச்சட்டம் கேட்பதில்லை. நாட்டின் ஏனைய பெண்கள் பலருக்கு 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் இத்தளையை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்டோரை அது விலக்கி வைத்தது.

குடும்பச் சொத்தைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு என்று பெரியோர் சிலர் விளக்குவர். காப்பதுதான் நோக்கமென்றால் ஒப்பம் இரு பக்கமும் வேண்டப்பட்டிருக்குமே. இன்னொன்றும் உண்டு. அதே பெண் தன் காணியை மரணசாதனத்தால் யாருக்கும் எழுதி வைக்கலாம். அதற்குக் கணவனின் ஒப்பம் தேவையில்லை.