அரசனின் நீண்ட வலக்கை



அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாக் கரையில் கின்வாரா என்றொரு ஊர் உண்டு. அங்கே கடலோரம் நிற்கும் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் பெயரோ பல நூறு ஆண்டுகள் முந்திய குவைரே என்ற அரசருடையது. கொனாக்ட் நாட்டை ஆண்டவர். பழைய ஆண்டுக்குறிப்புகளில் அவரைப் பற்றி இருப்பது சொற்பமே: 649ஆம் ஆண்டளவில் ஒரு போரில் தோற்றார், 663இல் இறந்தார். வென்ற அரசரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தோற்றவர் பெயரோ பழமொழியாகிவிட்டது. கைதாராளமுள்ள ஒருவரை 'குவைரேயைப் போல' என்பார்கள் அந்நாட்டு மக்கள். ஏழைகளுக்கு நீட்டி நீட்டியே அவரது வலக்கை இடக்கையைவிட நீண்டுவிட்டதாம்! வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற நம் ஆண்டவர் இதைக் கேட்டால் புன்னகைத்திருப்பார்.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. பர்ரென் என்ற பாறை நிலத்தில் புனித கொல்மான் தனிமையில் தவம் செய்துவந்தார். உடன் ஒரே ஒரு பணியாளர். தவக்காலம் முழுவதும் கீரையும் தண்ணீரும்தான். உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் அந்தப் பணியாளர், "இன்றைக்காவது கொஞ்சம் இறைச்சி கிடைக்காதா, சுவாமி?" என்று ஏங்கினார். கொல்மான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, செபித்தார். அந்நேரம் அரண்மனையில் குவைரே பெருவிழா விருந்துக்கு அமர்ந்திருந்தார். வானதூதர்கள் தட்டுகளை அப்படியே தூக்கிச் சென்றார்களாம். அந்தப் பாறை வழிக்கு இன்றும் 'தட்டுகளின் சாலை' என்றே பெயர்.

அரசர் என்ன செய்தார் தெரியுமா? குதிரையேறி, வீரர்களோடு துரத்தினார்! நாடறிந்த வள்ளல்தான். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவர். ஆனால் தம் தட்டு கேட்காமலே போனபோது பின்னாலேயே ஓடினார். குகையருகே குதிரைகளின் கால்கள் பாறையில் ஒட்டிக்கொண்டன. அங்கே, தம் உணவை ஒரு பசித்த ஏழை உண்பதைக் கண்டார். கோபம் தணிந்தது. பிறகு அந்தத் துறவிக்கு மடம் எழுப்ப நிலம் கொடுத்தார். அதுவே கில்மக்டுவா. அதன் உயர்ந்த வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது, சற்றே சாய்ந்து.

கொடுக்க முடிவுசெய்து கொடுப்பது எனக்கும் எளிது. காணிக்கைக்கு என்று உறையில் எடுத்து வைத்தாகிவிட்டது, மனம் நிறைவு. நம் வேளை பார்க்காமல் வருகிறவரிடம்தான் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன், பாஸ்கா திருவிழிப்பு முடிந்து மறுநாள் நண்பகல், களைப்போடு சாப்பிட உட்கார்ந்தேன். பங்கு இல்லக் கதவை யாரோ தட்டினார். "மாலையில் வரச் சொல்லுங்கள்" என்று சமையற்காரரிடம் சொல்லி அனுப்பினேன். பெரியவர் ஒருவர், கையில் ஒரு பையோடு வந்தார் என்றார். மாலை ஆறு மணிவரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை.