அடிமை முறைக்காக வாதாடியோர்



அநீதி ஒருபோதும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு மன்றில் ஏறுவதில்லை. வேதத்தையும் சரித்திரத்தையும் சட்டத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டே அது வருகின்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறைக்காக வாதாடியவர்கள் மூடர்களல்லர். செனற்றர்களும் நீதியரசர்களும் வைத்தியர்களும் குருமாருமே அவர்கள். அவர்களுடைய வாதங்களை, சட்டம் பயின்றோர் என்ற முறையில், நாம் இன்று குறுக்கு விசாரணை செய்வோம். அதற்கு வெளிச் சாட்சிகள் வேண்டியதில்லை. அவர்கள் இயற்றிய சட்டங்களே போதும்.

1787ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தவர்கள் ‘அடிமை’ என்ற சொல்லை அதில் எழுதவே கூசினர். தவிர்க்க முடியாத தீமை என்றே அக்காலத் தலைவர்கள் பலர் அம்முறையைக் குறித்துப் பேசினர். 1793இல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் புதிய இயந்திரம் வந்தது. பருத்தி பொன்னாக விளைந்தது. 1790இல் ஏழு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறக்குறைய நாற்பது இலட்சமாயிற்று. இலாபம் வளர, வாதமும் மாறிற்று. 1837இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜோன் கல்ஹூன், அடிமை முறை தீமையன்று, நன்மையே என்று செனற் சபையில் துணிந்து சாதித்தார்.

முதலாவது வாதம் பழைமை. கிரேக்கத்திலும் உரோமாபுரியிலும் அடிமைகள் இருந்தனர்; சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டோட்டில் கூறினார்; ஒனேசிமு என்பவனைப் பவுல் அப்போஸ்தலர் எசமானிடமே திருப்பி அனுப்பினார் என்றெல்லாம் அடுக்கினர். நெடுங்காலம் நிலைத்ததனால் ஒன்று நியாயமாகிவிடுமாயின், களவும் கொலையும் அதனினும் பழைமையானவை அல்லவா?

இரண்டாவது வாதம், கறுப்பருக்குக் கல்வி ஏறாது என்பது. அப்படியாயின், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இல் ஏன் தண்டனைக்குரிய குற்றமாக்கியது? வாசிக்கவும் கற்பிக்கலாகாதென்று வட கரோலினா 1830இல் ஏன் விதித்தது? ஏறாத கல்விக்கு வேலி எதற்கு?

மூன்றாவது வாதம், அடிமைகள் மகிழ்ந்து வாழ்கிறார்கள் என்பது. வேர்ஜீனியாவின் ஜோர்ஜ் பிற்ஸ்ஹியூ, நம்மைப் போல ஒரு நியாயவாதி, வடபகுதியின் கூலித் தொழிலாளியைவிட அடிமையே நலமாக வாழ்வதாக 1857இல் நூலெழுதினார். மகிழ்ந்திருப்பவன் ஓடுவானா? ஓடியவர்களைப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே 1850இல் காங்கிரஸ் சபை கடுஞ்சட்டம் செய்தது. 1851இல் லூயிசியானாவின் வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட், தப்பியோடும் ஆசையே ஒரு நோய் என்று பெயர் சூட்டி, அதற்குச் சாட்டையடியையும் பரிகாரமாகக் கூறினார். விடுதலை வேட்கையை வியாதி என்றால்தான் அவர்களுடைய வாதம் நிற்கும்!

நான்காவது வாதம், அடிமை ஒரு சொத்து என்பது. ஆனால் பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிடும்போது மட்டும், ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணித் தென் மாநிலங்கள் அதிக ஆசனங்களைப் பெற்றன. தன் தொழுவத்து மாடுகளை எண்ணிக் காட்டி ஆசனம் கேட்ட கமக்காரன் எங்கேனும் உண்டா?

இவ்வாதங்கள் உயர் நீதிமன்றம் வரை ஏறின. 1857இல் ட்ரெட் ஸ்கொட் வழக்கில், ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் அமெரிக்கக் குடிமக்களாக மாட்டார் எனப் பிரதம நீதியரசர் டேனி தீர்ப்பளித்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரமும் சரித்திரமே. நீதியரசர் கேர்ட்டிஸ் அச்சரித்திரத்தை மறுத்தார். நாடு பிறந்த காலத்திலேயே ஐந்து மாநிலங்களில், தகுதியுடைய சுதந்திரக் கறுப்பர் வாக்குரிமை பெற்றிருந்தனரென்று எடுத்துக்காட்டினார். அந்த ஐந்தில் வட கரோலினாவும் ஒன்று. எனினும் மறுத்துரைத்தவர் இருவர். மற்றப் பக்கத்தில் எழுவர். உண்மை சிறுபான்மையாக இருந்தது.

1861இல் தென் மாநிலங்களின் கூட்டாட்சிக்கு உப ஜனாதிபதியான அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், கறுப்பர் சமமானவரல்லர் என்பதே தமது ஆட்சியின் மூலைக்கல் என்று முழங்கினார். 1865இல் தென்னவர் தோற்றனர். அடிமை முறை ஒழிந்தது. 1868இல் அவரே எழுதிய நூலில், போருக்குக் காரணம் அரசியலமைப்புத் தத்துவமே என்றார். அநீதி தோற்ற பின்னரும் அதன் நியாயவாதி ஓய்வதில்லை.

அன்பர்களே, இவ்வழக்கு முழுவதிலும் ஒரு சாட்சி அழைக்கப்படவேயில்லை. அடிமை முறை நிலவிய மாநிலங்களில், வெள்ளையருக்கெதிராக அடிமை சாட்சி கூறலாகாது என்பது சட்டம். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, மறைவில் எழுத்தறிந்து, 1838இல் தப்பிய பிரெடெரிக் டக்ளஸ், 1845இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது அச்சாட்சியத்தை உலகம் கேட்டது. மேற்கூறிய வாதங்களுள் இரண்டுக்கு அவரே பதிலாக நின்றார்.

ஆகவே, ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரால் வேறொருவர் எழுந்து, ‘அவர்களுக்கு இதுவே நலம், அவர்கள் திருப்தியாகவே இருக்கிறார்கள்’ என்று சொல்லும்போது, அவரோடு வீண் வாதம் செய்ய வேண்டாம். அவர் இயற்றிய சட்டங்களை வாங்கிப் படியுங்கள். பின்னர், அந்த மக்களையே சாட்சிக் கூண்டுக்கு அழையுங்கள்.