எச்.ஐ.வி.யும் தாயத்தும்

(மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் பேசியதன் சாரம்)



கொசு ஒழிப்பைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். ஆனால் வரும் வழியில் கேட்ட சங்கதி ஒன்று அதை மறக்கடித்துவிட்டது. எச்.ஐ.வி. கண்டு, தாம்பரம் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கித் தின்று, மறுபடி வலை இழுக்குமளவு தேறியிருந்த ஒரு தோழர், எவனோ கட்டிய தாயத்தை நம்பி மாத்திரையை விட்டு விட்டுத் தின்கிறாராம். பேரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

"மருந்தும் இருக்கட்டும், தாயத்தும் இருக்கட்டுமே, என்ன நஷ்டம்?" என்பீர்கள். நஷ்டத்தைச் சொல்லுகிறேன். இந்தக் கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழையோடு எடுக்கிறது, திருத்துவாரில்லை. மருந்தில்லாத உடம்பில் தினம் கோடிக்கணக்கில் பிறக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்றுக்கு, பிழையின் காரணமாகவே, மருந்து உறைப்பதில்லை. ஒழுங்காக மருந்து தின்றால் பெருகவே வழியில்லை. அரைகுறையாகத் தின்றாலோ, மருந்துக்கு அடங்குவது அடங்கும், அடங்காதது குடும்பம் பெருக்கும். லாமிவுடின் என்னும் மருந்தை முறியடிக்க ஒரே ஒரு மாற்றம் போதும். இதில் விதியும் இல்லை, சாமி கோபமும் இல்லை. க்ஷயக் கிருமியும் அரைகுறை மருந்தில் இப்படித்தான் முரண்டுகிறது.

1987-ல் அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதி பெற்றது. 1989-லேயே அதற்கு அடங்காத கிருமி கண்டார்கள். விஞ்ஞானிகள் மறைத்தார்களா? ஊரறியச் சொல்லி, ஏன் என்று கேட்டார்கள். 1996-ல் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. மந்திரவாதியோ, பலிக்காவிட்டால் உன் பக்தி குறைவு என்பான்; தட்சணையை மட்டும் திருப்பமாட்டான்!

நம் நாட்டில் இக்கிருமியை 1986-ல் சென்னையில் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். இருவரும் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துகளை, 2001-ல் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் தாம்பரத்தில் சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. 1928-ல் டாக்டர் சவரி முத்து க்ஷயரோகிகளுக்காக ஆரம்பித்த இடம் அது.

இன்று டோலுடெகிராவிர் வந்திருக்கிறது. கிருமி அதை எளிதில் மிஞ்ச முடிவதில்லை. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிக்கென்று லெனகாபாவிர் 2022-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கிருமியின் உட்கூட்டையே தாக்கும் அதை, மற்ற மருந்துகளோடு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஊசியாகப் போடுகிறார்கள். ஆனால் புது மருந்து வருகிறதென்று கையிலிருப்பதைப் பாழாக்குவது, புது வலை வருமென்று பழைய வலையைக் கொளுத்துவதாகும்.

அந்தத் தோழருக்கு வேண்டியவர்கள் இங்கிருந்தால் அவரை நாளைக் காலையே தாம்பரத்துக்கு அனுப்புங்கள். விட்ட நாட்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும். ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்த்து, அதே மருந்தா வேறா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். கூடப்போக ஆளில்லையென்றால், நான் இன்றிரவு இங்கேதான் தங்குகிறேன்.