ஏரி வற்றினால் ஆலையும் நிற்கும்

(பெருங்களத்தூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் பலர் நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். முடிச்சூரிலிருந்தும் மண்ணிவாக்கத்திலிருந்தும் நடவு வேலையை முடித்துக்கொண்டு தாய்மார்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 'வளங்குன்றா வளர்ச்சி' என்கிறார்கள். ஆலை வாசலில் பச்சைப் பலகை தொங்குகிறது. ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் தேதி நிர்வாகி வந்து ஒரு மரக்கன்றை நடுகிறார், படம் பிடிக்கிறார்கள். மறுநாளிலிருந்து அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார்? தினக்கூலிக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளி. இதைப் பார்த்துவிட்டு, "இது பணக்காரர்கள் பேசும் பேச்சு, நமக்கு இதில் என்ன வேலை?" என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை வேறு. இது நம்முடைய சோற்றுப் பிரச்சினை.

வார்த்தைதான் புதிது. ஐக்கிய நாடுகள் சபை நியமித்த கமிஷன் ஒன்று, நார்வே நாட்டின் பிரதமராக இருந்த புருண்ட்லாந்து அம்மையாரின் தலைமையில், 1987ல் ஓர் அறிக்கை கொடுத்தது. இன்றையத் தேவைக்காக நாளைய தலைமுறையின் வாழ்வை அழிக்காதே என்பதுதான் அதன் சாரம். இதை நம் தாய்மார்களுக்கு யாரும் நார்வேயிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் எத்தனை பசியானாலும் விதைநெல் கோட்டையில் கை வைக்கக் கூடாது என்று அறிந்தவர்கள் அவர்கள். விதைநெல்லைக் குத்தித் தின்றவன் அடுத்த பருவத்தில் என்ன விதைப்பான்?

நம் கண்ணெதிரே இருக்கும் ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றனவே, கம்ப்யூட்டர் கம்பெனிகள் நடக்கும் வளாகம், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1950களில் வான்கார்டு காரும், பிறகு ஹெரால்டு காரும் அங்கிருந்துதான் வெளிவந்தன. அதை நம்பி எத்தனை குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் குடியேறின! 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரைப் பெரிய விளம்பரத்தோடு கொண்டு வந்தார்கள். மேலே புதுச் சட்டை. உள்ளே பழைய வான்கார்டு காலத்து எஞ்சின். பெட்ரோலைக் குடித்தது. அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி வந்துவிட்டது, சிக்கனமாக ஓடியது. தொழில் தகராறுகளும் சேர்ந்துகொண்டன. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. எந்த எஞ்சினைப் போடுவது என்று தீர்மானித்தவர்கள் யாரும் தொழிலாளியைக் கலந்து பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனவன் தொழிலாளி. நிலம் மட்டும் நல்ல விலைக்குப் போயிற்று.

எரிபொருளை வீணாக்கும் ஆலை, காலத்துக்கேற்ற யந்திரத்தில் பணம் போடாத ஆலை நிலைக்காது என்பதற்கு நாம் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்தது, தண்ணீர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி வரும் அடையாறு, வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது. மாடியில் நின்று படகுக்காகக் கை காட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மோட்டார் ஆலைகளில் உற்பத்தி நின்றது. 1878ல் தொடங்கிய 'தி இந்து' பத்திரிகை அந்த டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்குத் தொழிலாளிகள் வந்து சேர முடியவில்லை! யந்திரம் இருந்தது, காகிதம் இருந்தது, செய்தியும் வேண்டிய மட்டும் இருந்தது. தொழிலாளியின் வீடு தண்ணீரில் கிடந்தால் எந்த யந்திரம் ஓடும்?

நாலு வருஷம் கழித்து, 2019 ஜூனில், அதே சென்னையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. நகரத்துக்கு நீர் கொடுக்கும் ஏரிகள் தரை தெரிய வற்றின. ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனிகள் சில, "வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்" என்று ஊழியர்களை அனுப்பிவிட்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது. முன்பு வெள்ளம், பின்பு வறட்சி. இரண்டுக்கும் வேர் ஒன்றே. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்லுவது வழக்கம். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்து அதற்கடுத்தது. வரத்துக்கால் அடைபட்டால் ஏரிக்கு நீர் வராது. போக்குக்கால் அடைபட்டால் நீர் வீட்டுக்குள் வரும். கால்வாய் மேல் மனை போட்டு விற்றவன் லாபத்தோடு போய்விட்டான். அதை அங்கீகரித்துக் கையெழுத்திட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார். கடன் வாங்கி அந்த மனையை வாங்கிய ஏழை மட்டும் அங்கேயே இருக்கிறான்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். "அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்தது, ஊர் கூடி ஏரியைக் காத்தது" என்று சிலர் உருகிப் பேசுவார்கள். ஏரி காக்கப்பட்டது உண்மை. வெட்டிச் சுமந்தது யார்? நிலமில்லாத சேரி ஜனங்கள். அணை கட்டிக்கொண்டது மிராசுதாரின் வயலுக்கு. கட்டாய உழைப்பை வாங்க 1858ல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஏரி வேண்டும்; கூலியும் வேண்டும்.

இப்போது திருப்பூர்க் கதையைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். ஏனென்றால் ஆலைத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் எப்படி எதிரெதிரே நிறுத்துகிறார்கள் என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவது எப்படி? பஞ்சு நூல் சாயத்தைச் சுலபத்தில் பிடிக்காது. தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளும். ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. கழுவும் தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். வண்ணத்தைப் போக்குவது எளிது. கரைந்துபோன உப்பைப் பிரிப்பது கடினம். அதற்குச் சவ்வு வடிகட்டியும், நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் யந்திரமும் வேண்டும். செலவு அதிகம். ஆகவே முதலாளிகள் என்ன செய்தார்கள்? நொய்யலில் விட்டார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு அது. திருப்பூரைத் தாண்டும்போது அது சாயக் கால்வாய் ஆயிற்று.

அதற்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை. 1990களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் கொடுப்பதற்காகக் கட்டியது. அணையில் தேங்கியது என்ன? சாயக்கழிவு. கொஞ்ச காலத்தில், உலகத்தில் எங்கும் நடக்காத அதிசயம் நடந்தது. "எங்களுக்கு இந்தத் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள்" என்று விவசாயிகளே போராடினார்கள்! கிணறுகள் உப்பாயின. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது, கெடு வைத்தது, அபராதமும் விதித்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் அதே தீர்ப்பு. அதன் பிறகும் கழிவு போய்க்கொண்டிருந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாய ஆலைகள் எல்லாவற்றையும் மூடு என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். வெளி ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். முதலாளிகள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள்.

அன்று சாய ஆலைத் தொழிலாளி என்ன நினைத்தான்? "விவசாயி என் வயிற்றில் அடித்துவிட்டான்." விவசாயி என்ன நினைத்தான்? "ஆலைக்காரன் என் நிலத்தைக் கொன்றுவிட்டான்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்திகரிக்கும் செலவை வருஷக்கணக்கில் மிச்சம் பிடித்தவனை இருவரும் பார்க்கவில்லை. ஏற்றுமதியில் கோடி கோடியாக வந்த காலத்தில் ஒரு பகுதியை அந்த யந்திரங்களுக்கு ஒதுக்கியிருந்தால், 2011 வந்திருக்குமா?

நஷ்டஈடு கதையையும் கேளுங்கள். சுப்ரீம் கோர்ட்டு 1996ல் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாலாற்றைக் கெடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் நொய்யல் விவசாயிகளுக்கும் நஷ்டஈடு கணக்கிட்டது. எதைக் கொண்டு கணக்கு? நிலத்தைக் கொண்டு, ஏக்கரைக் கொண்டு. நல்லது, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நிலத்தில் களை பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்த பெண்ணுக்கு ஏக்கர் ஏது? வயல் செத்தபோது அவளுடைய கூலியும் செத்தது. ஆலை மூடியபோது சாயத் தொட்டியில் நின்றவனின் கூலி செத்தது. இவர்கள் இருவரும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இப்போது திருப்பூரில் என்ன நடக்கிறது? அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. கழிவிலிருந்து பெரும்பகுதி தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். உப்பைக்கூடத் திரும்ப எடுக்கிறார்கள். முடியவே முடியாது என்று கோர்ட்டுக்குக் கோர்ட்டு ஏறி வாதாடினார்களே, அந்தக் காரியம் இது! வெளிநாட்டு வியாபாரியிடம் இதையே விளம்பரமாகவும் சொல்லுகிறார்கள். இருட்டில் கழிவை விடுகிற சில்லறை ஆலைகள் இன்னும் பிடிபடத்தான் செய்கின்றன. அதையும் மறைக்க வேண்டாம்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? குரோம் தோல் கம்பெனி இருந்ததால் வந்தது. தோலைப் பதனிட்ட தொழில் பல்லாவரத்துக்குச் சோறு போட்டது, கிணற்றையும் கெடுத்தது. நஞ்சு முதலில் தீண்டுவது ஆலைக்கு உள்ளே நிற்பவனைத்தான் என்பதை மறக்காதீர்கள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001ல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு ஒப்பந்தம் ஏற்பட 2016 வரை ஆயிற்று. பதினைந்து வருஷம்!

சரி, கம்பெனிகள் இன்று ஏன் இப்படி மாறிப் பேசுகின்றன? திடீரென்று மனம் இளகிவிட்டதா? இல்லை. 2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்காவில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தையல் வேலை செய்த பெண்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் சட்டை வாங்குகிறவன், "இது எங்கே, எப்படித் தைத்தது?" என்று கேட்கத் தொடங்கினான். இரும்பு, சிமெண்ட், அலுமினியம் போன்ற சரக்குகளில், உற்பத்தியின்போது எவ்வளவு கரியமில வாயு வெளிவந்தது என்று கணக்குக் கேட்கும் முறையை ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபரிலிருந்து கொண்டுவந்திருக்கிறது. நம் நாட்டிலும் பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23ஆம் ஆண்டிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டாக வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு கழிவு விட்டாய், எத்தனை விபத்து, குறைந்தபட்சக் கூலி கொடுத்தாயா, நிரந்தரத் தொழிலாளி எத்தனை, மற்றவர் எத்தனை என்றெல்லாம் அதில் எழுத வேண்டும்.

தோழர்களே, அந்த அறிக்கையை முதலாளியின் கூட்டாளிகள் மட்டும் படிக்கிறார்கள். நாம் ஏன் படிக்கக் கூடாது? "விபத்தே இல்லை" என்று எழுதியிருந்தால், விரல் இழந்த தோழன் நம்மிடையே இருக்கிறானே, அவனை எந்தக் கணக்கில் விட்டார்கள் என்று கேட்கலாம். தண்ணீர்க் கணக்கில் லாரித் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, அந்த லாரி எந்தக் கிராமத்துக் கிணற்றை உறிஞ்சியது என்று கேட்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாராகிறது என்று சொன்னார்கள். போனசும் பஞ்சப்படியும் முதலில் இருக்கட்டும். கூடவே இவையும் ஏறட்டும்: கழிவுநீர்ச் சோதனை முடிவைத் தமிழில் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். கோர்ட்டு உத்தரவாலோ வெள்ளத்தாலோ ஆலை நின்றால், நின்ற நாளுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். யந்திரத்தை மாற்றும்போது பழைய ஆளை வெளியே தள்ளாமல் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வேலை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி வந்தபின் பெருங்களத்தூரும் பீர்க்கன்கரணையும் அதில் சேர்ந்துவிட்டன. நூறு நாள் வேலைத் திட்டம் கிராமத்துக்கென்று வந்த திட்டம். மாநகராட்சி ஆன இடத்தில் அந்த வேலையைக் கேட்க முடியாது. ஏரி தூர் வாருவதும் கால்வாய் வெட்டுவதும் இப்போது ஒப்பந்தக்காரரின் பொக்லைன் யந்திரத்தின் கையில். எந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு தூரம் வெட்டினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான். கரையைத் தெரிந்தவர்கள் நீங்கள். எந்த மடை எங்கே இருந்தது, எந்தக் கால் எந்த மனைக்கு அடியில் போயிற்று என்பது உங்கள் காலுக்குத் தெரியும்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷிப்டு இல்லாத ஆலைத் தோழர்கள் எல்லோரும் ஏரிக்கரைக்கு வாருங்கள். பெரியவர்கள் முன்னால் நடக்கட்டும். கலங்கலிலிருந்து அடையாறு வரை போக்குக்காலை நடந்து பார்ப்போம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடைப்பு இருக்கிற இடத்தையெல்லாம் எழுதிக்கொள்வோம். திங்கட்கிழமை மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகும் மனுவில் அந்தப் பட்டியலையும் சேர்த்துவிடலாம்.